வந்தியத்தேவனைக் கல்கி ஏன் தேர்ந்தெடுத்தார்? ஒரு வாசகனின் கேள்விகள்

(ஆக்லாந்தில் தமிழ்க் குடும்பங்கள் கூடிய இலக்கிய மாலை ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நான் தமிழ் இலக்கியத்தை முறையாகக் கற்றவன் அல்லன். பொறியியல் படித்துக் கணினித் துறையில் பணிபுரிபவன். வார இறுதியில் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித் தரும் தன்னார்வலர்களில் ஒருவன். ஆகவே இன்று நான் ஆய்வுரை எதுவும் நிகழ்த்தப் போவதில்லை. எனக்கு மிகவும் விருப்பமான நாவலாசிரியர் கல்கி, தம் 'பொன்னியின் செல்வன்' கதையை எங்கிருந்து எடுத்தார், எவற்றை ஏற்றார், எவற்றைத் தாமே படைத்தார் என்பன பற்றி எழுந்த சில கேள்விகளை உங்கள் முன் வைக்கிறேன். உண்மையைச் சொன்னால், அக்கேள்விகளும் என்னுடையவை அல்ல. என் பதினைந்து வயது மகளுடையவை.

வகுப்பறையில் நான் செய்த பிழை

'பொன்னியின் செல்வன்' திரைப்படத்தின் முதற்பாகம் 2022 செப்டம்பரிலும், இரண்டாம் பாகம் 2023 ஏப்ரலிலும் வெளிவந்தன. நம்மில் பலர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு திரையரங்கிற்குச் சென்றோம். அந்த ஆர்வம் ஆறிவிடும் முன்னர் பிள்ளைகளுக்குச் சோழர் வரலாற்றைச் சொல்லிவிட வேண்டும் என்று எண்ணி, ஒரு சனிக்கிழமை வகுப்பில் சோழர் குடிவழிப் படம் ஒன்றைத் திரையில் காட்டினேன். சுந்தர சோழர், ஆதித்த கரிகாலன், குந்தவை, அருள்மொழி என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தவன், அதே படத்தில் ஓர் ஓரத்தில் நந்தினியின் பெயரையும் எழுதியிருந்தேன்.

வகுப்பில் அமர்ந்திருந்த என் மகள் கையை உயர்த்தினாள். "அப்பா, நந்தினி பெயர் எந்தக் கல்வெட்டில் இருக்கிறது?" என்று கேட்டாள். பள்ளியில் வரலாற்றுப் பாடம் எடுத்துப் படிப்பவள் அவள். எந்தச் செய்தியைச் சொன்னாலும் அதற்கு ஆதாரம் என்ன, அதை எழுதியவர் யார், ஏன் எழுதினார் என்று கேட்க அங்கே பழக்குகிறார்கள்.

"எங்கேயாவது இருக்கும் அம்மா" என்று சொல்லிச் சமாளித்தேன். அன்று இரவு தேடினேன். எங்கும் இல்லை. இருக்கவும் முடியாது, ஏனெனில் நந்தினி கல்கியின் கற்பனை. ஆழ்வார்க்கடியானும் பூங்குழலியும் அவ்வாறே. ஐந்து முறை அந்த நாவலைப் படித்திருந்த நான், ஒருமுறைகூட அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

அடுத்த வாரம் வகுப்பில் என் பிழையை ஒப்புக்கொண்டு திருத்தினேன். பெற்றோர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, "பிள்ளைகளுக்கு இப்போதுதான் கொஞ்சம் ஆர்வம் வந்திருக்கிறது. அது கதை, இது கதை என்று சொல்லி ஏன் அதைக் கெடுக்கிறீர்கள்?" என்று வருத்தத்துடன் கேட்டார். அவர் வருத்தம் நியாயமானதே. அவருக்கு அன்று என்னால் சரியாக விடை சொல்ல இயலவில்லை. இன்றைய என் உரையே அவருக்கு நான் தரும் விடை என்று கொள்ளலாம்.

கல்கியின் கையில் இருந்தவை

கல்கி என்னும் ரா. கிருஷ்ணமூர்த்தி 1899ஆம் ஆண்டு மயிலாடுதுறையை அடுத்த புத்தமங்கலத்தில் பிறந்தவர். காவிரிக் கரையின் பிள்ளை. விடுதலைப் போராட்டத்திற்காகப் பள்ளிப் படிப்பை விட்டுச் சிறை சென்றவர். 'பார்த்திபன் கனவு', 'சிவகாமியின் சபதம்' ஆகிய பல்லவர் காலக் கதைகளை எழுதிய பின்னரே சோழர் பக்கம் திரும்பினார். 'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபர் 29 முதல் 1954 மே 16 வரை, மூன்றரை ஆண்டுகளுக்கு மேல், 'கல்கி' இதழில் வாரந்தோறும் வெளிவந்தது. கதை முடிந்த ஏழு மாதங்களுக்குள், 1954 டிசம்பர் 5ஆம் நாள், அவர் மறைந்தார்.

அவருக்குக் கிடைத்த வரலாற்று ஆதாரங்கள் எத்தகையவை? நான் பட்டியலிட்டுப் பார்த்தபோது வியந்து போனேன். இவ்வளவு பெரிய கதைக்கு அவை மிகச் சிலவே.

முதலாவது, காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கல்வெட்டு. இராசராச சோழனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்னும் உடன்பிறந்தார் பெயர்களைக் குறித்து, அவர்தம் உறவினர் சொத்துகள் பறிமுதல் செய்யப்பட்டதைச் சொல்கிறது. ரவிதாசன் முதலியோர்க்குப் 'பிரமாதிராசன்' என்ற பட்டமும் காணப்படுகிறது. அது அரசு அதிகாரிகள் பெற்ற பட்டம். ஏன் கொன்றார்கள், எங்கே கொன்றார்கள், யார் ஏவினார்கள் என்பன அதில் இல்லை.

இரண்டாவது, இராசேந்திர சோழன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள். மக்கள் வேண்டியும், தம் சிற்றப்பன் உத்தம சோழன் அரசை விரும்பும் வரை அருள்மொழிவர்மன் அதனை மனத்தாலும் விரும்பவில்லை என்பது அவை தரும் செய்தி.

மூன்றாவது, சுந்தர சோழரின் அமைச்சர் அநிருத்தர் பெற்ற கொடையைக் கூறும் அன்பில் செப்பேடுகள்.

நான்காவது, தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள். அங்கே இராசராசனின் தமக்கை குந்தவை, வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியார் என்று குறிக்கப்படுகிறார்.

இவற்றை வைத்துக்கொண்டு ஐந்து பாகங்கள்!

இங்கே என் சொந்தக் குறை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நான் பொறியியல் படித்தது சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில். விடுதிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, பாட்டி பைண்டு செய்து வைத்திருந்த 'கல்கி' இதழ்ப் பக்கங்களில், ஓவியர் மணியத்தின் படங்களோடு, ஆதித்த கரிகாலன் கொலையைப் படித்து உறங்காமல் கிடந்திருக்கிறேன். அந்தக் கொலையைப் பேசும் கல்வெட்டு ஏறத்தாழ ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் இருந்தது. நான்கு ஆண்டுகளில் ஒருமுறையும் சென்று பார்க்கவில்லை. அப்படி ஒரு கல் இருப்பதே எனக்குத் தெரியாது. அதனை ஆக்லாந்தில் வளர்ந்த பெண் கேட்ட பிறகே அறிந்தேன்.

இரண்டு அறிஞர்கள், இரண்டு மதுராந்தகர்கள்

இனி வருவது கதையின் முடிவைத் தொடுகிறது. படிக்காத இளையோர் பொறுத்தருள்க.

ஆதித்த கரிகாலன் கொலையில் உத்தம சோழனுக்குப் பங்கு உண்டா? இதில் வரலாற்றறிஞர் இருவர் மாறுபட்டனர். பேராசிரியர் நீலகண்ட சாஸ்திரியார், 1935இல் வெளிவந்த 'சோழர்கள்' என்னும் ஆங்கில நூலில், உத்தம சோழன் மீது ஐயம் கொண்டார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய தி.வை. சதாசிவ பண்டாரத்தார், 1949இல் வெளிவந்த 'பிற்காலச் சோழர் சரித்திரம்' முதற்பகுதியில், அந்த ஐயத்தை ஏற்கவில்லை. இருவர் நூல்களையும் கல்கி ஆதாரமாகக் கொண்டவர். பண்டாரத்தார் நூல் வந்த மறு ஆண்டே அவர் கதை தொடங்குகிறது.

இப்போது கல்கியின் இடத்தில் நம்மை வைத்துப் பார்ப்போம். ஒருபுறம், உத்தம சோழனாகிய மதுராந்தகன் அரசுக்கு ஆசைப்பட்டான் என்பதற்குச் செப்பேட்டுச் சான்று. மறுபுறம், அவன் செம்பியன் மாதேவியின் மகன். செங்கற் கோயில்களைக் கற்றளிகளாக்கிய அந்தப் பேரரசியின் வயிற்றில் பிறந்தவன் கொலைச் சதிக்கு உடன்பட்டான் என்று எழுதக் கல்கிக்கு மனம் வரவில்லை போலும். மேலும், கொலைச் சதியில் தொடர்புடையவனுக்காக அருள்மொழி மணிமகுடத்தை விட்டுக்கொடுத்தால் அந்தத் தியாகத்திற்கு என்ன பொருள்?

கல்கி என்ன செய்தார்? மதுராந்தகனை இரண்டு மனிதர்களாகப் பிரித்துவிட்டார்! ஆசைப்பட்டுச் சதிகாரர் வலையில் விழுந்த மதுராந்தகன் ஒருவன். பூத்தொடுத்துச் சிவத்தொண்டு செய்த சேந்தன் அமுதன் மற்றொருவன். முன்னவன் ஓடிப்போகிறான். பின்னவனே செம்பியன் மாதேவியின் உண்மையான மகன் என்று தெரியவருகிறது. அவனே உத்தம சோழனாக முடிசூடுகிறான்.

சிறு வயதில் படித்தபோது, இந்த ஆள்மாற்றம் கதைச் சுவைக்காகச் செய்யப்பட்டது என்றே நினைத்தேன். இரு அறிஞர்களின் கருத்துகளையும் அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு வேறொன்று தோன்றியது. ஒருவரின் ஐயத்திற்கு ஒரு மதுராந்தகன், மற்றவரின் மறுப்பிற்கு ஒரு மதுராந்தகன் என்று அவர் அமைத்தாற்போல இருக்கிறது. இது என் ஊகமே. கல்கி இவ்வாறு எண்ணினார் என்று நான் சாதிக்கவில்லை. ஆனால் ஓர் எழுத்தாளர் வரலாற்றில் சிக்கலான முடிச்சை எப்படிக் கதையால் அவிழ்க்கிறார் என்று காண்பது, கதையை முதன்முறை படிப்பதைப் போலவே இன்பம் தருகிறது.

ஏன் வந்தியத்தேவன்?

அடுத்த கேள்வியும் என் மகளுடையதே. "நாவலின் பெயர் அருள்மொழியைக் குறிக்கிறது. ஆனால் கதை முழுவதும் வந்தியத்தேவன் பின்னாலேயே போகிறது. ஏன்?"

ஒரு விடை எளிது. அருள்மொழி பின்னாளில் இராசராசன் ஆகப்போகிறவர். அவர் எங்கே இருந்தார், என்ன செய்தார் என்பவற்றில் வரலாற்றின் கட்டு உண்டு. வந்தியத்தேவருக்கோ, குந்தவையின் கணவர் என்பதைத் தவிர, நாம் அறிந்தது மிகக் குறைவு. வரலாறு சொல்லாமல் விட்ட இடத்தில்தான் நாவலாசிரியர் தடையின்றி நடமாட முடியும். என் தொழிலில், ஒரு தரவு இல்லையென்றால் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட வேண்டும். நிரப்பினால் குற்றம். கல்கியின் தொழிலில் அந்த வெறுமைதான் விளைநிலம்.

மற்றொரு விடையை இலக்கிய அன்பர்கள் நெடுநாளாகச் சொல்லி வருகிறார்கள். பிரெஞ்சு எழுத்தாளர் அலெக்சாந்தர் தூமா 1844இல் எழுதிய 'மூன்று மஸ்கத்தியர்கள்' கதையில், தார்த்தன்யான் என்னும் இளைஞன் கையில் ஒரு கடிதத்தோடு குதிரையேறித் தலைநகரை நோக்கிப் புறப்படுகிறான். நம் வந்தியத்தேவனும் ஆதித்த கரிகாலனின் ஓலைகளோடு, ஆடிப்பெருக்கு நாளில், வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வருகிறான். கல்கி மேலைநாட்டு வரலாற்று நாவல்களை விரும்பிப் பயின்றவர். வித்து அங்கிருந்து வந்திருக்கலாம். ஆனால் முளைத்தது நம் வண்டலில். ஏரியின் 74 மதகுகளும், புதுவெள்ளமும், கரையில் சித்திரான்னம் உண்ணும் குடும்பங்களும் பிரான்சில் இல்லை. பார்க்காத இடத்தை எழுதுவதற்கும் அவர் மனம் ஒப்பவில்லை. ஓவியர் மணியத்தையும் அழைத்துக்கொண்டு இலங்கைக்குச் சென்று கதை நிகழும் இடங்களைக் கண்டவர் அவர். கோடிக்கரைக்கு அப்பால் விரியும் அந்த ஈழத்துக் காட்சிகளைப் படிக்கும்போது, இந்த அவையில் அமர்ந்திருக்கும் ஈழத்து உறவுகளுக்கு என்ன தோன்றும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது விடை என் மனம் சொல்வது. கல்கியின் வந்தியத்தேவன் வாணர் குலத்தவன். முன்னோர் ஆண்ட நாடு கைவிட்டுப் போன பின், பிறர் தலைநகரில் தன் திறமையை மட்டும் நம்பி வந்து நிற்பவன். யார் நண்பர், யார் பகைவர், எங்கே எப்படிப் பேசுவது என்று தெரியாமல் அடிக்கடி தவறு செய்து, சிரித்துச் சமாளித்து, மெல்ல மெல்ல நம்பிக்கையைப் பெறுபவன். 2008இல் வேலைக் கடிதம் ஒன்றோடும் இரண்டு பெட்டிகளோடும் ஆக்லாந்து விமான நிலையத்தில் வந்திறங்கிய நான், அந்த முதல் குளிர்காலத்தில் மீண்டும் கையில் எடுத்த நூல் 'பொன்னியின் செல்வன்'. ஏன் அதை எடுத்தேன் என்று அப்போது தெரியவில்லை. ஊரில் ஆடிப்பெருக்கு கொண்டாடும் ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில், இங்கே சன்னலுக்கு வெளியே குளிர்மழை பெய்துகொண்டிருந்தது. புதிய ஊருக்குள் குதிரையில் நுழையும் அந்த இளைஞனோடு சேர்ந்து நானும் நுழைந்தேன்.

இதை என் மகளிடம் சொன்னேன். "அப்படியானால் உங்களுக்குப் பிடித்தது சோழர் கதை இல்லை அப்பா. புதிதாக வந்தவன் கதை" என்றாள். அதற்கு நான் என்ன சொல்வது?

கல்கிக்கு வந்த கேள்விகள்

இத்தகைய ஆர்வம் நமக்கு மட்டும் வந்ததன்று. 1954இல் கதை முடிந்தபோது வாசகர்கள் நிறைவடையவில்லை. அவர் என்ன ஆனார், இவர் என்ன ஆனார் என்று கேட்டனர். கல்கி அவர்களுக்காக முடிவுரை ஒன்றை எழுதினார். கதைமாந்தர் பலரின் பிற்கால வாழ்வு குறித்து அதில் சொன்னார். முழுக் கற்பனைக் கதையை முடிப்பதைப் போல வரலாற்றுக் கதையை முடித்துவிட இயலாது என்பதையும் விளக்கினார்.

ஆதித்த கரிகாலன் கொலையையே எடுத்துக்கொள்ளுங்கள். கடம்பூர் மாளிகையில் விளக்கு அணைகிறது. கரிகாலன் வீழ்கிறான். பின்னர் பெரிய பழுவேட்டரையர் அப்பழியைத் தாம் ஏற்கிறார். ஆயினும் நம் மனத்தில் ஐயம் அடங்குவதில்லை. உடையார்குடிக் கல் பெயர்களைச் சொல்லிக் காரணத்தைச் சொல்லாமல் விட்டது. கல்கி காரணங்களை அடுக்கிக் கையை இருட்டில் விட்டார். தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டாத நேர்மை அந்த இருட்டில் இருப்பதாக எனக்குப் படுகிறது.

நம் நாட்டில் ஒரு தமிழ் மணி

இறுதியாக, இந்த மண்ணுக்கு உரிய செய்தி ஒன்று. வெலிங்டனில் உள்ள தே பாப்பா அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உடைந்த வெண்கல மணி ஒன்று இருக்கிறது. 1836ஆம் ஆண்டளவில் வாங்கரெய்ப் பகுதியில் வில்லியம் கொலென்சோ என்னும் சமயப் பணியாளர் அதைக் கண்டார். மாவோரிப் பெண்கள் அதில் உருளைக்கிழங்கு வேகவைத்துக் கொண்டிருந்தனர். வேரோடு சாய்ந்த மரம் ஒன்றின் அடியில் அது கிடைத்ததாக அவர்கள் கூறினர். அதன் விளிம்பைச் சுற்றி இருந்தவை தமிழ் எழுத்துகள். முகையதீன் பக்சு என்பவருடைய கப்பலின் மணி என்பது அதன் பொருள்.

நம் விழாக்களில் இந்த மணியைக் காட்டி, ஐரோப்பியருக்கு முன்பே தமிழர் நியூசிலாந்துக்கு வந்தனர் என்று பேசுகிறோம். நானும் பேசியிருக்கிறேன். ஆனால் நமக்குத் தெரிந்தது என்ன? ஒரு கப்பல், ஒரு பெயர், தமிழ் எழுத்து, ஒரு மரத்தடி. அந்தக் கப்பல் இங்கே வந்ததா, மணி மட்டும் கைமாறி வந்ததா, எந்த நூற்றாண்டில் வந்தது என்பவை இன்னும் முடிவாகவில்லை.

வகுப்பில் பலகையின் நடுவே ஒரு கோடு கிழித்தோம். இடப்பக்கம் 'தெரிந்தது'. வலப்பக்கம் 'கற்பனை செய்யலாம்'. முதலில் 'பொன்னியின் செல்வன்' மாந்தர்களைப் பிரித்து எழுதினோம். பிறகு இந்த மணியை எடுத்துக்கொண்டோம். இடப்பக்கம் விரைவில் நின்றுவிட்டது. வலப்பக்கம் நிற்கவில்லை. முகையதீன் எந்த ஊர்? காயல்பட்டினமா, நாகூரா? மணியைச் செய்த கன்னார் யார்? கப்பலில் சிறுவர்கள் இருந்தார்களா? அந்தப் பெண்கள் அம்மணிக்கு என்ன பெயர் வைத்தார்கள்? வகுப்பு முடியும் நேரத்தைக் கடந்து, பெற்றோர் வெளியே வண்டியில் காத்திருக்க, பிள்ளைகள் பேசிக்கொண்டே இருந்தனர்.

அந்தப் பெற்றோருக்கு என் விடை இதுதான். கற்பனையைக் கற்பனை என்று சொன்னதால் ஆர்வம் கெடவில்லை. நாம் வரலாறு என்று சொல்லிக் கொடுத்த ஒன்றைப் பிள்ளைகள் பின்னாளில் தாமே தேடி, இல்லை என்று கண்டால், நாம் சொன்ன உண்மைகளையும் சேர்த்தே ஐயுறுவார்கள். இராசராசனின் கல்வெட்டுகளையும் நம்ப மாட்டார்கள். அந்த இழப்பு பெரிது. மாறாக, நான்கு ஆதாரங்களிலிருந்து ஒரு மனிதர் எப்படி ஐந்து பாகங்களை எழுப்பினார் என்று காட்டினால், கல்கியின் பெருமை கூடுமேயன்றிக் குறையாது.

பெற்றோரே, உங்கள் பிள்ளை ஆங்கிலத்தில் கேட்டாலும் கேள்வியைத் தடுக்காதீர்கள். விடை தெரியாவிட்டால், தெரியாது, சேர்ந்து தேடுவோம் என்று சொல்லுங்கள். இளையோரே, உங்கள் அப்பா அம்மாவுக்கு எந்த நூல் பிடிக்கும் என்பதோடு நிறுத்தாமல், ஏன் பிடிக்கும் என்றும் கேளுங்கள். அவர்களே அதுவரை அறியாத விடை வரக்கூடும்.

என் மகள் இப்போது 'புது வெள்ளம்' படிக்கத் தொடங்கியிருக்கிறாள். எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறாள். ஒரு பக்கத்திற்கு அரை மணி நேரம் ஆகிறது. இந்த வேகத்தில் ஐந்து பாகங்களையும் முடிப்பாளா என்று தெரியவில்லை. சென்ற வாரம் வீரநாராயண ஏரிக்கரையில் நிற்கிறாள். அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது இருவரும் முதலில் உடையார்குடிக்குப் போவதென்று முடிவு செய்திருக்கிறோம். நான் அங்கே செல்ல வேண்டியதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் தாமதமாகிவிட்டது.

அந்த வெண்கல மணியின் கதையை இன்னும் யாராவது எழுத வேண்டும். இந்த அவையில் இருக்கும் இளையோர் ஒருவர் ஒரு நாள் அதை எழுதுவார் என்ற ஆசையோடு என் உரையை நிறைவு செய்கிறேன்.